நண்டு வாசித்த வாத்தியங்கள்

என் தம்பிக்கு வாசிக்கத் தெரியாத வாத்தியம் என்று ஒன்றாவது இருந்திருந்தால் எங்கள் குடும்பம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஊதுவது, இழுப்பது, மீட்டுவது, அடிப்பது, மிதிப்பது, எதைக் கையில் கொடுத்தாலும் கொஞ்ச நாளில் வாசித்துவிடுவான். வாசித்ததும் அதைச் சுவர் மூலையில் சாத்திவிட்டு அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வருவான். சாத்தியதைத் துடைத்து, உறை போட்டு, யாராவது வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்று கட்டிலுக்கடியில் தள்ளியதெல்லாம் நான்.

அப்போது நாங்கள் ஒரு சலவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தோம். கீழே இயந்திரங்கள் சுற்றும்போது எங்கள் தரை நடுங்கும். அப்பா மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பகல் பூராவும் அந்தக் கிரீச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தால், உள்ளே தம்பி பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவைக் காலிடுக்கில் வைத்து இழுத்துக்கொண்டிருப்பான். "அங்க நான் தேய்க்கிறேன், இங்க இவன் தேய்க்கிறான்" என்று சொல்லிவிட்டு சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவார்.

பியானோ டீச்சர் ஒருநாள் அம்மாவைத் தெருவில் நிறுத்தி, "இவன் இதுலயே நின்னான்னா எங்கேயோ போயிடுவான்" என்றார். அம்மா பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தால் அவன் புல்லாங்குழலோடு உட்கார்ந்திருந்தான். புல்லாங்குழல் மாஸ்டர் அதையே சொன்னபோது செல்லோவுக்குத் தாவியிருந்தான். செல்லோ மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே முந்திக்கொண்டு, "சார், நல்லா வாசிக்கிறான்னு மட்டும் சொல்லிடாதீங்க, விட்டுடுவான்" என்று கெஞ்சினாள். அவர் சொல்லவில்லை. இருந்தும் விட்டுவிட்டான்.

"ஏண்டா, ஒண்ணுல நிக்க மாட்டியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு வாசிக்கும்போது கூட மத்தது என்ன வாசிக்கும்னு காதுல கேக்குதுக்கா. அதை யாராவது வாசிக்கணும்ல?"

"மத்தவங்க வாசிக்கட்டும்."

"அவங்க தப்பா வாசிப்பாங்க."

இந்த ஒரு வரியில் அவன் வாழ்க்கையே அடக்கம். அப்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓட்டுநர் உரிமம் எடுத்திருக்கவே மாட்டேன்.

நான் படிப்பை முடித்ததும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பகல் முழுக்க அடுத்தவர் ஓட்ட, நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருப்பேன். சாயங்காலம் வீட்டில் காலை நீட்டலாம் என்றால், தம்பி ஒரு இசைக்குழுவில் சேர்ந்துவிட்டான். அவர்களுக்கு வேன் இருந்தது. வேன் ஓட்ட ஆள் இல்லை. குழுவில் ஒருவனுக்கும் கியர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. "அக்கா, இந்த ஒரு தடவை மட்டும்" என்றான். அந்த ஒரு தடவை பதினோரு வருஷம் ஓடியது.

அவர்கள் வாசித்ததற்குப் பெயர் புரோகிரசிவ் ராக். கித்தார், டிரம்ஸ் எல்லாம் உண்டு, கத்தலும் உண்டு. ஆனால் பாட்டு ஆரம்பித்தால் லேசில் முடியாது. நடுவில் புல்லாங்குழல் வரும், பிறகு கோயில் மணி மாதிரி ஏதோ வரும், பிறகு எல்லாம் அடங்கிப்போய் முடிந்துவிட்டது என்று ஜனங்கள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு எழும்போது மறுபடியும் ஆரம்பிக்கும். குழுவின் பெயர் 'ஈர மணிக்கூண்டு'. மணிக்கூண்டு ஏன் ஈரமாக இருக்கிறது என்று நான் கேட்டதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள்.

பாடகனை எல்லோரும் பிரசங்கி என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எதைப் பற்றியது என்று பேச ஆரம்பிப்பான். பாட்டைவிடப் பேச்சு புரியாது. டிரம்ஸ் அடித்தவர் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான்கு நான்காகத் தாளம் போட்டால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். ஏழு, பதினொன்று, பதிமூன்று என்றுதான் அடிப்பார். பாவப்பட்ட ஜனங்கள் கைதட்டித் தாளம் போடப் பார்ப்பார்கள். மூன்றாவது சுற்றில் ஒருவர் கை ஒருவரோடு சேராது. முகத்தில் ஒரு குழப்பம் வரும். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதைப் பார்த்து வாத்தியாருக்கு ஏக குஷி.

மிச்சத்தை எல்லாம் என் தம்பி வாசித்தான். முதலில் அடிச் சுரம் போடும் பேஸ் கித்தாருக்கு ஒரு ஆள் இருந்தான். கப்பலில் வேலை கிடைத்ததும் போய்விட்டான். வேறு ஆள் தேடலாமே என்றதற்கு, "எதுக்கு? என் கால் ரெண்டும் சும்மாதானே இருக்கு" என்று காலால் மிதித்து வாசிக்கும் பெடல் பலகை ஒன்றை வாங்கிவிட்டான். ஆக, மேடையில் இடதுகைக்கு ஒரு கீபோர்டு, வலதுகைக்கு ஒன்று, காலுக்குப் பெடல், கழுத்தில் கித்தார், ஸ்டாண்டில் புல்லாங்குழல், பின்னால் நாற்காலியில் செல்லோ. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருப்பான். யாரோ கூட்டத்திலிருந்து "நண்டு!" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து ஊருக்கு அவன் நண்டு.

இத்தனையிலும் என் பரம எதிரி டேப் கீபோர்டுதான். பார்க்கப் பழைய மரப் பீரோ மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு துண்டு நாடா. அதில் வயலின் கோஷ்டி வாசித்த ஒரு சுரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், வயலின்கள் கேட்கும். அழகான ஏற்பாடு, வீட்டைவிட்டு வெளியே எடுக்காதவரைக்கும். நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். குழுவில் இருந்தது மூன்று பேர். நாலாவது ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பாடுபட்டு மாடி ஏற்றி வைத்தால், மழைக்காற்று பட்டதும் வயலின்களுக்கெல்லாம் ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். அவன் பின்பக்கத்தைத் திறந்து தலையை உள்ளே விட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருப்பான். அரங்கத்து மேனேஜர் என்னிடம் வந்து, "என்னம்மா, ஆரம்பிப்பாங்களா மாட்டாங்களா?" என்பார்.

"ஆரம்பிச்சுடுவாங்க சார். முடிப்பாங்களான்னு கேளுங்க."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டாவதாகப் போட்ட இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. இருபத்து மூன்று நிமிடம். ஒரு ஊர் தண்ணீருக்குள் மெதுவாக முழுகுவதைப் பற்றியது என்றான் பிரசங்கி. அதை முதல் தடவை மேடையில் வாசித்தபோது நான் வேனில் போய்த் தூங்கலாம் என்று கிளம்பி, கதவருகில் நின்றுவிட்டேன். புல்லாங்குழல் நின்ற இடத்தில் செல்லோ வந்தது. செல்லோ நின்ற இடத்தில் கித்தார். ஒருவனே வாசிக்கிறான் என்று கண்ணுக்குத் தெரிகிறது, காது நம்ப மறுக்கிறது. சலவைக் கடைக்கு மேல் நான் தனித்தனியாகக் கேட்டு வெறுத்த சத்தங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. முடிந்ததும் என்னிடம் வந்து, "எப்படி இருந்தது?" என்றான். நன்றாக இருந்தது என்று சொன்னேன். "இல்லக்கா, நடுவுல ரெண்டு இடம் சொதப்பிட்டேன்" என்று அந்த இரண்டு இடத்தையும் வீடு வந்து சேரும்வரை விளக்கினான். ஏண்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் நல்ல மனுஷன். எங்களை உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"தம்பி, ரேடியோவுல போட மூணு நிமிஷப் பாட்டு ஒண்ணு கொடுங்க. போதும். இந்த நீளப் பாட்டையே கொஞ்சம் வெட்டிக் கொடுத்தாலும் சரி."

"வெட்டலாம் சார்," என்றான் தம்பி. "எந்தக் கையை வெட்டணும்னு நீங்களே சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

பிரசங்கிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவனுக்கு ரேடியோவில் வர வேண்டும் என்று ஆசை. அதில் என்ன தப்பு? கொஞ்ச நாளில் தனியாகப் போய் காதலி போட்டிருந்த சிவப்புக் கோட்டு பற்றி ஒரு பாட்டுப் பாடினான். சின்னப் பாட்டு, நான்கு தட்டுத் தாளம். அது செருப்புக் கடை முதல் பல் ஆஸ்பத்திரி வரை எங்கு போனாலும் ஒலித்தது. வாத்தியார் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தோடு ஒதுங்கிவிட்டார். ஈர மணிக்கூண்டு காய்ந்துபோனது.

சரி, இனியாவது ஒரு நிரந்தர வேலை பார்ப்பான் என்று அம்மா நினைத்தாள். அவன் என்னிடம் வந்தான். அதற்குள் நான் சொந்தமாக ஓட்டுநர் பள்ளி ஆரம்பித்திருந்தேன். அலுவலகத்துக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது.

"அந்த ரூமைக் கொடுக்கா. ஒரு ஆல்பம் பண்றேன். எல்லாத்தையும் நானே வாசிக்கப் போறேன்."

"இத்தனை நாள் என்ன பண்ணின?"

"இத்தனை நாள் கூட ஆள் இருந்தாங்க. இனிமே யாரும் வேண்டாம்."

அறைக்குள் போனவன் வெளியே வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் டிரம்ஸை வாசித்துப் பதிவு செய்வான். அதைக் கேட்டுக்கொண்டே பெடல், அதன்மேல் கித்தார், அதன்மேல் இன்னொரு கித்தார் என்று அடுக்கிக்கொண்டே போவான். கடைசியில் அடியில் இருக்கும் டிரம்ஸ் பிடிக்காமல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. கீழே நான் சாலைக் குறியீடுகளைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருப்பேன். "இந்தப் பலகையைப் பாத்தா என்ன செய்யணும்?" என்று கேட்கும்போது மேலே தடதடவென்று டிரம்ஸ் விழும். பயிற்சிக்கு வந்தவர்கள் திடுக்கிட்டு, "நிறுத்தணும்" என்பார்கள். விடை சரிதான்.

நான் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. காது கேட்கவில்லையோ என்று பயந்து ஒரு கிளினிக்குக்கு இழுத்துப்போனேன். அங்கே காதைச் சோதிக்கும் பெண் அவனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். அவன் பொத்தானை ஏழு ஏழாகத் தாளம் போட்டு அழுத்தினான். அவள் வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "காது பிரமாதமா இருக்கு. அடுத்தவங்க சொல்றதைக் கேக்கறதில்ல, அவ்வளவுதான்."

அடுத்த வருஷம் அவனையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். தெரிந்துதானே பண்ணிக்கொண்டாய் என்று இன்றைக்கும் கேட்பேன். "சோதிச்சுப் பாத்துட்டுதான்க்கா பண்ணிக்கிட்டேன்" என்பாள்.

ஆல்பம் வந்தது. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்; வாங்கியவர்கள் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்தது. எங்கிருந்தோ ஒருத்தர் ரயில் ஏறி வந்து என் அலுவலக வாசலில் நின்று, மாடிப் படியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அதை மேடையில் வாசிக்க ஐந்தாறு பேர் வேண்டுமே. ஆட்களைச் சேர்த்தான். எல்லோரும் படித்து, தேர்ந்து வந்தவர்கள். ஒவ்வொருவனாக மாடி ஏறிப் போவான், முகம் சிவந்து இறங்கி வருவான். ஒரு கித்தார்க்காரன் என் மேஜை முன்னால் நின்று, "மேடம், அவருக்கு ஆள் வேண்டாம், அவரோட விரலை ஒட்டவைக்கப் பொம்மைதான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நிகழ்ச்சி ரத்தானது.

பிறகு பல வருஷம் மற்றவர்களின் பாட்டுக்கு வாசித்தான். அதில் பேர் எடுத்தான். எந்த ஸ்டூடியோவிலாவது ஆள் வராவிட்டால் நண்டைக் கூப்பிடுவார்கள். டிரம்ஸ்காரனுக்குக் காய்ச்சலா, நண்டு. செல்லோ வாசிப்பவளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா, நண்டு. தொலைக்காட்சியில் வானிலை சொல்லும்போது பின்னால் கேட்குமே, அதுவும் அவன்தான். எல்லாருக்கும் பதிலாக அவன் போனான். அவனுக்குப் பதிலாகப் போக யாரும் இல்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஐம்பதைத் தாண்டியபின் ஒருநாள் மேலே கீபோர்டு சத்தம் நின்று, ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ஒரே வரி திரும்பத் திரும்பக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தடுக்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சில மாதம் கித்தார் மட்டும் கேட்டது. சரி, வழக்கம்போல் தாவிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு கித்தாரும் நின்று புல்லாங்குழல் கேட்டது.

கண்டுபிடித்தது அவன் மனைவிதான். "அக்கா, அவர் வாத்தியத்துக்கு வாத்தியம் ஓடி ஒளியறாரு" என்றாள்.

கீபோர்டில் கை வைத்தால் வலதுகையின் கடைசி இரண்டு விரலும் உள்பக்கம் சுருண்டுகொள்கின்றன. வலி இல்லை, வீக்கம் இல்லை. சட்டைப் பொத்தான் போட முடிகிறது, ஊசியில் நூல் கோக்க முடிகிறது. கட்டைமேல் வைத்தால் மட்டும் மடங்கிவிடும். கித்தாருக்கு மாறினான். கொஞ்ச நாள் தப்பித்தான். அப்புறம் இடதுகையில் ஒரு விரல் அதே வேலையைக் காட்டியது. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோளாறு கையில் இல்லை, மூளை விரலுக்குச் சொல்லும் விதத்தில் இருக்கிறது என்றார். ஒரே அசைவை வாழ்நாள் முழுக்கச் செய்கிறவர்களுக்கு வருமாம்.

"எத்தனை மணி நேரம் பயிற்சி பண்ணினா சரியாகும்?" என்று கேட்டான் தம்பி.

"பயிற்சி பண்ணப் பண்ண அதிகமாகும்" என்றார் டாக்டர்.

வேனில் வரும்போது அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். என் கவலையை அவனிடம் காட்டினால் இன்னும் மோசமாகிவிடும் என்று முன்னால் போன லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்த லாரிக்காரன் சரியாதான் போனான்க்கா" என்றான்.

இந்த நிலைமையில் பிரசங்கி வந்து சேர்ந்தான். தலை நரைத்திருந்தது, பேச்சு குறையவில்லை. அந்த இருபத்து மூன்று நிமிடப் பாட்டை இப்போதுள்ள இளசுகள் தேடித் தேடிக் கேட்கிறார்களாம். ஒரு பெரிய அரங்கத்தில் கூப்பிடுகிறார்களாம். வாத்தியாரும் ஓய்வு பெற்றுவிட்டார், அடிக்கத் தயார்.

"நண்டு மட்டும் சரின்னு சொல்லணும்" என்றான் என்னிடம்.

"அவன் கை விஷயம் தெரியும்ல?"

"தெரியும். அவன் வாசிச்சதைப் பிரிச்சு மூணு பேர்கிட்ட கொடுத்துடலாம். ஆளும் பாத்துட்டேன்."

தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் இரண்டு வாரம் பேசிப் பார்த்தேன். மனைவி பேசிப் பார்த்தாள். கடைசியில் வாத்தியார் மாடி ஏறிப் போய் மேஜைமேல் விரலால் பதிமூன்று தட்டுத் தட்டிக் காண்பித்து, பாதியில் நிறுத்தி, "மீதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாராம். இவன் வாயாலேயே பாடி முடித்திருக்கிறான். ஒத்திகைக்கு வருகிறேன், உட்கார்ந்து பார்க்க மட்டும், என்று இறங்கி வந்தான்.

கீபோர்டுக்கு வந்த பெண் மருந்துக் கடை வைத்திருப்பவள். கித்தாரும் புல்லாங்குழலும் வாசிக்கிறவன் அவள் கணவன். செல்லோவுக்கு ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்தவர். மூவரும் இசைத்தட்டைக் கேட்டே படித்து வந்திருந்தார்கள். ஆரம்பித்தார்கள். நான் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணை மூடியிருந்தான். பாதியைத் தாண்டி, எல்லாம் அடங்கி வயலின் சத்தம் மட்டும் நிற்கும் இடம் வந்தது. அங்கே அந்தப் பெண் இடதுகையால் அடியில் ஒரு சுரத்தை வைத்தாள்; அது மெதுவாக வழுக்கிக் கீழே இறங்கி, ஒரு பெருமூச்சு மாதிரி அடங்கியது.

தம்பி எழுந்துவிட்டான்.

"நிறுத்துங்க! அது என்ன?"

"என்ன சார்?" என்றாள் அவள்.

"கீழ இறங்கிச்சே, அது."

"ரெக்கார்டுல இருக்கே சார்."

"அது தப்பு! என் முழங்கை பட்டுடுச்சு. ஸ்டூடியோ நேரம் முடிஞ்சதுன்னு மறுபடி எடுக்க விடல. அதை எதுக்கு வாசிக்கிறீங்க?"

அவள் அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். "சார், அந்த இடத்துக்காகத்தான் நான் இந்தப் பாட்டையே படிச்சேன். ஊர் முழுகுறது அங்கதானே?"

"ஊரும் முழுகல, ஒண்ணும் முழுகல. முழங்கை!"

இந்தச் சண்டை மூன்று ஒத்திகை ஓடியது. அவன் அதை எடுத்துடு என்பான். அவள் சரி என்பாள். அந்த இடம் வந்ததும் கை தானாகப் போகும். அவன் மேஜையைத் தட்டுவான். ரயில்வேக்காரர், "எனக்கும் அது இல்லாம அடுத்ததை எடுக்க வரல சார்" என்றார். பிரசங்கி அந்தத் தப்பின் தத்துவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். எனக்குத் தலை வெடித்தது. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து வேனில் உட்கார வைத்தேன்.

"நீ உள்ள இருந்தா இது நடக்காது. இங்கேயே உக்காந்து கேளு."

ஜன்னலை இறக்கிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. யோசித்துப் பார்த்தால், தன் பாட்டை எந்த வாத்தியமும் கையில் இல்லாமல், நடுவில் நிறுத்தவும் முடியாமல் அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் ஆட்டுவதை நிறுத்தினான். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "ரொம்ப நீளமா இருக்கேக்கா" என்றான்.

அவனை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். அத்தனை பேர் அத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொன்னதை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவன்போல் சொல்கிறான்! ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டேன். ஹாரன் அடித்துவிட்டது. உள்ளே வாத்தியார் என்னவோ ஏதோ என்று பாட்டை நிறுத்திவிட்டார்.

நிகழ்ச்சிக்கு அவனும் மேடை ஏறுவது என்று முடிவானது. கையால் எதுவும் இல்லை. காலால் மிதிக்கும் பெடல் மட்டும். கால்விரல்கள் மடங்காது என்று மனைவி உத்தரவாதம் கொடுத்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல்நாள் உட்காரும் பிள்ளை மாதிரி இருந்தான். பக்கத்தில் ஓடுவதற்கு எதுவும் இல்லை. கூட்டம் "நண்டு, நண்டு" என்று கத்தியபோது வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். நான் மேடையின் ஓரத்தில் திரைக்குப் பின்னால் அவன் மனைவியோடு நின்றேன்.

நன்றாகத்தான் போனது. பிரசங்கிக்கு மேல் சுரம் எட்டவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிச் சமாளித்தான். வாத்தியார் வியர்த்துக் கொட்டினார், ஆனால் ஒரு தட்டு பிசகவில்லை. வயலின் சத்தம் மட்டும் நிற்கும் இடம் வந்தது. மருந்துக் கடைப் பெண் தம்பியை ஒருமுறை பார்த்தாள். அவன் தலையை வேண்டாம் என்று ஆட்டினான்; எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவன் சொன்னபடியே அந்தச் சுரத்தை வாசிக்கவில்லை.

கூட்டம் வாசித்தது.

அரங்கம் முழுக்க, ஆணும் பெண்ணும், வாயை மூடியபடி முனகி, அந்தச் சுரத்தை வைத்து, அதே மாதிரி வழுக்கிக் கீழே இறக்கினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டில், தன் அறையில் கேட்டுக் கேட்டு வைத்திருந்தது.

தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தான். அடுத்த சுற்றை அவன் காலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் ஒரு இடத்தைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. வாத்தியார் கண்ணை உருட்டினார். காலால் தரையை அழுத்தினேன், பிரேக் இருப்பதுபோல. அந்தப் பெண் ஒரு நொடியும் யோசிக்காமல் இடதுகையை அடிச் சுரங்களுக்கு இறக்கி அவன் பங்கை வாசிக்க ஆரம்பித்தாள். ரயில்வேக்காரர் செல்லோவால் அவளுக்குத் துணை போனார். பாட்டு நகர்ந்தது. ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லாருக்கும் பதிலாகப் போய்க்கொண்டிருந்தவனுக்குப் பதிலாக அவர்கள் வாசித்தார்கள். இரண்டு சுற்று போனபின் அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, காலைப் பெடலில் வைத்து உள்ளே நுழைந்தான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

முடிந்து வெளியே வந்ததும், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அவன் நேராக என்னிடம் வந்து சண்டைக்கு நின்றான்.

"அந்தத் தப்பு நல்லா இருக்குன்னு ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"யாரு, நாங்களா? சொல்லலையா?"

"முன்னாடியே சொல்லியிருக்கணும்."

நான் பதில் சொல்லியிருப்பேன். அவன் மனைவி என் தோளைத் தொட்டு, "விடுங்கக்கா, வண்டியை எடுங்க" என்றாள். பின்சீட்டில் அவன் தலையைச் சாய்த்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அழுதானா என்று கேட்டால், கண்ணாடியில் நான் சாலையைத்தான் பார்த்தேன்.

விரல்கள் சரியாகவில்லை. டாக்டர் கொடுத்த பயிற்சிகளை அவன் ஒழுங்காகச் செய்வதும் இல்லை. ஆனால் மேலறைக்கு வாரக் கடைசியில் அந்த மூன்று பேரும் வருகிறார்கள். அவன் எழுதுகிறான், அவர்கள் வாசிக்கிறார்கள். அதாவது வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. நடப்பது பெரும்பாலும் கூச்சல். எனக்கு வேலை நடந்தபாடில்லை. சென்ற சனிக்கிழமை ஒரு அம்மாவுக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். படியில் தடதடவென்று இறங்கி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, அந்தப் பொண்ணு நான் எழுதாததை வாசிக்கிறா!"

"நிறுத்தச் சொன்னியா?"

"இல்ல."

"பின்ன?"

"எழுதிக்கிட்டேன்," என்றான் எரிச்சலோடு. என் மேஜையிலிருந்து பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கேட்காமலேயே, மறுபடி மாடி ஏறிப் போனான்.